வாசகர் கேள்வி–பதில்: செப்சிஸில் மரபணு திறப்பதும் மூடுவதும்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் செப்சிஸ் (தொற்றுக்கு உடம்பு காட்டும் பதில் கட்டுமீறி உறுப்புகளையே பழுதாக்கும் நிலை) பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். மரபணு திறப்பது என்றால் அது வேலை செய்யத் தொடங்குவது, மூடுவது என்றால் வேலையை நிறுத்துவது. பதில்கள் பொதுவானவை. படுக்கையில் இருப்பவரை நேரில் பார்க்கும் மருத்துவரின் முடிவுதான் முடிவு.

“அம்மாவுக்கு 67 வயது, சர்க்கரை உண்டு. சிறுநீர்த் தொற்று ரத்தத்தில் ஏறி ஐசியூவில் சேர்த்தோம். முதல் நாள் டாக்டர், ‘எதிர்ப்பு சக்தி கட்டுக்கடங்காமல் பொங்கிவிட்டது’ என்றார். ஒன்பதாம் நாள் நுரையீரலில் புதுத் தொற்று. இப்போது இன்னொரு டாக்டர், ‘எதிர்ப்பு சக்தியே இல்லை’ என்கிறார். யார் சொல்வது சரி?” (வாசகி, அல்சூர்)

இருவர் சொன்னதும் சரி. குழப்பம் ‘எதிர்ப்பு சக்தி’ என்ற சொல்லில் இருக்கிறது. மாடித் தொட்டித் தண்ணீர் மாதிரி ஏறி இறங்குகிற ஒரே சரக்கு அல்ல அது. எந்த செல்லில், எந்த மரபணு, எத்தனை மணிக்குத் திறந்தது, எப்போது மூடியது என்று பார்த்தால் இரண்டு டாக்டர்களின் பேச்சும் ஒன்றோடொன்று பொருந்திவிடும்.

சிறுநீர்த் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணம் ஈ.கோலை. அதன் மேலுறையில் எல்பிஎஸ் என்ற கொழுப்புச் சர்க்கரை இருக்கிறது. எண்டோடாக்சின் என்பதும் இதையே. ரத்தத்தில் சுற்றும் மோனோசைட் என்ற வெள்ளையணு, தன் மேற்பரப்பிலுள்ள டிஎல்ஆர்4 என்ற ஏற்பியால் அதை அடையாளம் காண்கிறது. எல்பிஎஸ்ஸை உணர்வது டிஎல்ஆர்4தான் என்று 1998-இல் காட்டிய புரூஸ் பாய்ட்லருக்கு 2011-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

செல்லுக்குள் என்எஃப்-கப்பா பி என்ற புரதம் எந்நேரமும் தயாராக நிற்கிறது. ரஞ்சன் சென், டேவிட் பால்டிமோர் இருவரும் 1986-இல் கண்டறிந்தது இது. ஐகப்பாபி என்ற இன்னொரு புரதம் அதைப் பிடித்து உட்கருவுக்குள் போகவிடாமல் வைத்திருக்கும். எல்பிஎஸ் பட்ட 15 முதல் 30 நிமிடத்துக்குள் ஐகப்பாபி சிதைக்கப்படுகிறது. பிடி விட்டதும் என்எஃப்-கப்பா பி உட்கருவுக்குள் நுழைந்து டிஎன்எஃப், ஐஎல்-1, ஐஎல்-6 ஆகிய சைட்டோகைன்களின் (செல்கள் அனுப்பும் செய்திப் புரதங்கள், இவை அழற்சியைக் கிளப்புபவை) மரபணுக்களைத் திறக்கும். டிஎன்எஃப் ரத்தத்தில் உச்சத்தைத் தொடுவது ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில். ஐஎல்-6 அதற்குச் சற்றுப் பின்னால். உங்கள் அம்மாவுக்கு முதல் நாள் வந்த குளிர்நடுக்கமும் ரத்த அழுத்தச் சரிவும் இந்த வேலைதான்.

மூடுகிற ஏற்பாடும் அப்போதே தொடங்கிவிடும். என்எஃப்-கப்பா பி முதலில் திறக்கும் மரபணுக்களில் ஐகப்பாபியின் மரபணுவும் ஒன்று. தன்னைக் கட்டும் கயிற்றைத் தானே திரித்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டிஎன்எஃப்பின் எம்ஆர்என்ஏ (புரதம் செய்ய மரபணுவிலிருந்து எடுக்கும் நகல் செய்தி) வால் பகுதியில் ஏ, யு எழுத்துகள் அடர்ந்த ஓர் இடம் உண்டு. டிரிஸ்டெட்ராபுரோலின் என்ற புரதம் அங்கே ஒட்டிக்கொண்டு அந்தச் செய்தியையே சிதைக்க வைக்கும். ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்குச் சிறிய அளவு எண்டோடாக்சின் ஏற்றி 2005-இல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளையணுக்களில் 3,714 மரபணுக்களின் செயல்பாடு மாறியது. 24 மணி நேரத்துக்குள் அவற்றில் பெரும்பாலானவை பழைய நிலைக்குத் திரும்பின. ஒரே ஒரு தூண்டல் என்றால் இப்படித்தான் அடங்கும்.

செப்சிஸில் தூண்டல் ஒன்றோடு நிற்பதில்லை. கிருமி இருக்கும்வரை எல்பிஎஸ் வந்துகொண்டே இருக்கும். தொடர்ந்து அடி வாங்கும் மோனோசைட் அடுத்த அடிக்குப் பழையபடி பதில் சொல்லாது. இதற்கு எண்டோடாக்சின் சகிப்பு என்று பெயர். 1946-இலேயே பால் பீசன் டைபாய்டு தடுப்பூசியை முயல்களுக்குத் திரும்பத் திரும்பப் போட்டு, காய்ச்சல் குறைந்துகொண்டே வருவதைக் காட்டினார். காரணம் டிஎன்ஏ சுற்றப்பட்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் இருக்கிறது. அவற்றில் அசிடைல் குறி விழுந்தால் அந்த இடம் தளர்ந்து மரபணு படிக்கக் கிடைக்கும். குறி நீங்கினால் இறுகிக்கொள்ளும். ருஸ்லான் மெட்சிடோவ் குழு 2007-இல் எலியின் மேக்ரோஃபேஜ்களில் (கிருமியை விழுங்கும் செல்கள்) பார்த்தது: இரண்டாவது எல்பிஎஸ்ஸுக்கு அழற்சி மரபணுக்கள் திறக்கவில்லை, கிருமியைக் கொல்லும் புரதங்களின் மரபணுக்கள் திறந்தன. மொத்தமாக அணைவதில்லை, ஆளைப் பார்த்துக் கதவைச் சாத்துகிறது செல்.

அதோடு எச்எல்ஏ-டிஆர் என்ற மூலக்கூறு மோனோசைட்டின் மேற்பரப்பிலிருந்து குறைகிறது. கிருமியின் துண்டை டி செல் என்ற வெள்ளையணுவுக்குக் காட்டும் தட்டு அது. அதன் மரபணுவை இயக்கும் தலைமைப் புரதத்தை அழற்சியை அடக்கும் ஐஎல்-10, கார்டிசால் இரண்டும் தணிக்கின்றன. டி செல் உள்ளிட்ட லிம்போசைட்டுகளும் கூட்டங்கூட்டமாகச் சாகும். செப்சிஸில் இறந்த 40 பேரின் மண்ணீரல் செல்களைத் தூண்டிப் பார்த்த 2011-ஆம் ஆண்டு ஆய்வில், அவை சுரந்த சைட்டோகைன்கள் ஒப்பீட்டுக்கு எடுத்தவர்களுடையதில் பொதுவாகப் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. ஒன்பதாம் நாள் நுரையீரல் தொற்று இப்படிப்பட்ட நிலையில்தான் நுழைகிறது.

பாடப்புத்தகங்களில் முதலில் ஒரு மேடு, பிறகு ஒரு பள்ளம் என்று படம் போட்டிருப்பார்கள். எங்களுக்கு அந்தப் படத்தில் உடன்பாடில்லை. பல நோயாளிகளுக்கு முதல் நாளே ஐஎல்-6 எகிறியிருக்கும், எச்எல்ஏ-டிஆர் விழுந்தும் இருக்கும். 1990-களில் டிஎன்எஃப்பை மட்டும் அடக்கிப் பார்த்த மருந்து ஆய்வுகள் தோற்றதில் வியப்பில்லை. 1996-இல் வெளியான ஓர் ஆய்வில் டிஎன்எஃப்பைப் பிடித்துவைக்கும் மருந்தின் அளவு கூடக் கூட இறப்பும் கூடியது.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை: புது ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன் சளியும் ரத்தமும் கல்ச்சருக்குப் போனதா? பழைய சென்ட்ரல் லைனும் (பெரிய ரத்த நாளத்தில் போட்ட குழாய்) சிறுநீர்க் குழாயும் இன்றும் தேவையா? இப்படித் தணிந்த உடம்பில் ஒவ்வொரு குழாயும் கிருமிக்கு ஒரு வாசல். தினமும் காலையில் இதைக் கேட்டால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

“அப்பாவின் புரோகால்சிடோனின் நேற்று 38, இன்று 20. சிஆர்பியோ 180-லிருந்து 240 ஆகிவிட்டது. ஒன்று இறங்குகிறது, ஒன்று ஏறுகிறது. எதை நம்புவது?” (வாசகர், ஸ்ரீராமபுரம்)

இன்றைக்கு முதலாவதை. இரண்டுமே தொற்றில் ரத்தத்தில் ஏறும் புரதங்கள், ஆனால் இரண்டாவது தாமதமாக வரும் செய்தி.

புரோகால்சிடோனின் மரபணு சாதாரண நாளில் முக்கியமாக தைராய்டின் சி செல்களில்தான் திறந்திருக்கும். அங்கே அது கால்சிடோனின் ஹார்மோனாக வெட்டப்பட்டு வெளியேறும். ரத்தத்தில் புரோகால்சிடோனினாக ஏறக்குறைய ஒன்றும் தெரியாது. பாக்டீரியா தொற்றில் ஐஎல்-1, ஐஎல்-6, டிஎன்எஃப் சேர்ந்து இதே மரபணுவைக் கல்லீரல், நுரையீரல், கொழுப்பு என்று உடம்பெங்கும் திறந்துவிடும். அந்த செல்களிடம் வெட்டுகிற கருவி இல்லை. முழுப் புரதம் அப்படியே ரத்தத்தில் கொட்டுகிறது. லேப் ரிப்போர்ட்டில் நீங்கள் பார்க்கும் எண் ஒரு மரபணு தப்பான இடத்தில் திறந்ததன் கணக்கு.

புரோகால்சிடோனின் தொற்று தொடங்கி 4–6 மணி நேரத்தில் ஏறும், அரைவாழ்வு (பாதியாகக் குறைய ஆகும் நேரம்) சுமார் ஒரு நாள். 38 என்பது ஒரே நாளில் 20-க்கு வந்தால் ஏறக்குறைய பாதி. புது உற்பத்தி கிட்டத்தட்ட நின்றுவிட்டது, பழையது கழிகிறது என்று பொருள். சிஆர்பியைக் கல்லீரல் செய்கிறது. ஐஎல்-6 வந்து கல்லீரல் மரபணுவைத் திறந்தபின் உச்சம் தொட ஒன்றரை முதல் இரண்டு நாள் ஆகும். ஐஎல்-6 இறங்கிய பிறகும் சிஆர்பி கொஞ்ச நேரம் ஏறுவது சகஜம். மூன்றாம் நாளுக்குப் பிறகும் ஏறினால்தான் வேறு இடத்தில் சீழ் இருக்கிறதா என்று தேட வேண்டும்.

ஆன்டிபயாட்டிக்கை நிறுத்த மருத்துவர்கள் பார்க்கும் ஒரு வரம்பு: உச்சத்திலிருந்து 80 சதவீதம் குறைவது, அல்லது 0.5-க்குக் கீழே வருவது. உங்கள் அப்பாவுக்கு 38-இல் 80 சதவீதம் போனால் மீதி 7.6. நாளை மறுநாளுக்குள் அதைத் தொடக்கூடும். எண் மட்டும் போதாது, ஆளும் தேறியிருக்க வேண்டும். சிறுநீரகம் பழுதானால் இறக்கம் மெதுவாக இருக்கும். பெரிய அறுவைசிகிச்சையிலும் தீக்காயத்திலும் கிருமி இல்லாமலே ஏறும்.

“நிலவேம்புக் கஷாயமும் வைட்டமின் சியும் தினமும் எடுத்தால் செப்சிஸ் வராதா?” (வாசகி, கே.ஆர்.புரம்)

அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. வந்தபின் வைட்டமின் சியை நரம்பில் ஏற்றிப் பார்த்த லோவிட் ஆய்வில் (2022), 28-ஆம் நாளில் இறப்பு அல்லது உறுப்புச் செயலிழப்பு தொடர்வது என்ற கணக்கு, மருந்து பெற்றவர்களில் 44.5 சதவீதம், பெறாதவர்களில் 38.5 சதவீதம். காசைக் கொடுத்து வம்பை வாங்குவானேன்.

தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியது வேறு. தொற்று உள்ளவருக்கு மூச்சு நிமிடத்துக்கு 22 அல்லது அதற்கு மேல் போனால், பேச்சு குழறினால் அல்லது ஆளை மறந்தால், மேல் ரத்த அழுத்தம் 100 அல்லது அதற்குக் கீழே இருந்தால், சிறுநீர் போவது நின்றால், விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழையுங்கள். ரத்த அழுத்தம் சரிந்துவிட்ட நிலையில் ஆன்டிபயாட்டிக் ஒரு மணி நேரத்துக்குள் ஏற வேண்டும் என்பது சர்வதேச வழிகாட்டுதல். வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் வரும்.

“கிருமித் தொற்று இருக்கும்போது ஸ்டீராய்டு போடுகிறார்களே, அது எதிர்ப்பை இன்னும் குறைக்காதா?” (வாசகர், விவேக்நகர்)

குறைக்கும். தெரிந்தேதான் போடுகிறார்கள், எல்லோருக்கும் அல்ல.

இங்கே போடும் ஸ்டீராய்டான ஹைட்ரோகார்டிசோன் செல்லுக்குள் போய்த் தன் ஏற்பியோடு சேர்ந்து உட்கருவுக்குள் நுழையும். அங்கே அழற்சி மரபணுக்களில் என்எஃப்-கப்பா பி வேலை செய்வதைத் தடுக்கும். டியுஎஸ்பி1, கில்ஸ் போன்ற தணிக்கும் மரபணுக்களைத் திறக்கும். ரத்தக் குழாய்களை, அழுத்தத்தை ஏற்றும் மருந்தான நார்அட்ரினலினுக்கு மறுபடி இணங்க வைக்கும். ஐசியூவில் எதிர்பார்ப்பது முக்கியமாக இந்தக் கடைசிப் பலனைத்தான். அதனால், நார்அட்ரினலின் கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.25 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் நான்கு மணி நேரமாவது ஓடியும் அழுத்தம் நிற்காதவர்களுக்கு ஹைட்ரோகார்டிசோன் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை 50 மில்லிகிராம், நாளுக்கு 200. மூட்டுவலிக்கும் ஒவ்வாமைக்கும் கொடுக்கும் பெரிய அளவுகள் வேறு கணக்கு. சர்க்கரை ஏறும், இன்சுலின் கூடுதலாகத் தேவைப்படும்.

2018-இல் இரண்டு பெரிய ஆய்வுகள் வெளியாயின. அட்ரீனல் என்ற ஆய்வில் அதிர்ச்சி நிலை (ரத்த அழுத்தச் சரிவு) சீக்கிரம் தணிந்தது, 90 நாள் இறப்பில் வித்தியாசமில்லை. ஃப்ளூட்ரோகார்டிசோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டையும் சேர்த்துக் கொடுத்த அப்ரோச்ஸ் ஆய்வில் இறப்பு 49.1-லிருந்து 43 சதவீதமாகக் குறைந்தது. ஒரே மருந்து ஏன் இருவேறு முகம் காட்டுகிறது என்பதற்கு மரபணுப் பக்கத்திலிருந்து ஒரு தடயம் உண்டு. வெள்ளையணுக்களில் எந்த மரபணுக்கள் திறந்திருக்கின்றன என்று பார்த்து, பிரிட்டன் ஆய்வாளர்கள் நோயாளிகளை எதிர்ப்பு தணிந்த எஸ்ஆர்எஸ்1, அப்படித் தணியாத எஸ்ஆர்எஸ்2 என்று பிரித்தார்கள். இன்னொரு ஆய்வின் ரத்த மாதிரிகளை 2019-இல் இப்படிப் பிரித்துப் பார்த்தபோது, எஸ்ஆர்எஸ்2 பிரிவினருக்கு ஹைட்ரோகார்டிசோன் கொடுத்ததில் இறப்பு கூடியிருந்தது. முடிந்த ஆய்வைப் பின்னால் திரும்பிப் பார்த்த கணக்கு இது. படுக்கையருகே இதை வைத்து முடிவெடுக்க முடியாது. ஆனால் செப்சிஸ் என்பது ஒரே பெயரில் பல நோய் என்று காட்டிவிட்டது.

“எம்.எஸ்சி. பயோடெக் புராஜெக்டுக்கு எண்டோடாக்சின் சகிப்பு செய்து பார்க்கிறேன். மூன்று தடவையும் சொதப்பல். எல்பிஎஸ் போடாத கிணற்றிலும் (செல் வளர்க்கும் தட்டின் குழி) டிஎன்எஃப் வருகிறது. இரண்டாம் நாள் டோஸுக்குச் சகிப்பே தெரியவில்லை. க்யூபிசிஆரில் (எம்ஆர்என்ஏவை அளக்கும் முறை) ஒப்பீட்டுக்கு வைத்த ஜிஏபிடிஎச் மரபணு ஆடுகிறது.” (மாணவி, எலஹங்கா)

மூன்றும் தனித்தனிப் பிழைகள்.

போடாத கிணற்றில் டிஎன்எஃப் என்றால் முதல் சந்தேகம் எண்டோடாக்சின் கலப்படம். ஆட்டோகிளேவ் செய்த தண்ணீர்தானே என்பீர்கள். ஆட்டோகிளேவ் கிருமியைக் கொல்லும், எல்பிஎஸ்ஸை அழிக்காது. கண்ணாடிப் பாத்திரமானால் 250 டிகிரி உலர்வெப்பத்தில் 30 நிமிடம் வேண்டும். சீரம் பாட்டிலில் எண்டோடாக்சின் அளவு அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். கண்டுபிடிக்க எளிய வழி: ஒரு கிணற்றில் எல்பிஎஸ்ஸைப் பிடித்து முடக்கும் பாலிமிக்சின் பியை மில்லிக்கு 10 மைக்ரோகிராம் சேருங்கள். டிஎன்எஃப் அடங்கினால் திருடன் எல்பிஎஸ்தான். அடங்காவிட்டால் செல்களை நீங்களே கிளறிவிட்டிருக்கிறீர்கள்: பிளாஸ்டிக்கில் ஒட்டுவதே மோனோசைட்டுக்கு ஒரு தூண்டல். ரத்தம் எடுத்த சில மணி நேரத்துக்குள் 1.077 அடர்த்திக் கரைசலில், 400 ஜியில், 30 நிமிடம், பிரேக் இல்லாமல் சுழற்றுங்கள். ஒட்டியபின் இரவு முழுக்க ஓய்வு கொடுங்கள்.

இரண்டாவது, நீங்கள் அளப்பது நேற்றைய டிஎன்எஃப்பாக இருக்கலாம். முதல் டோஸில் (மில்லிக்கு 10 நானோகிராம் போதும்) சுரந்தது ஊடகத்திலேயே கிடக்கும். 24 மணி கழித்து வெதுவெதுப்பான ஊடகத்தால் மூன்று முறை கழுவி, புது ஊடகம் மாற்றி, பிறகு 100 நானோகிராம் போடுங்கள். கழுவியபின் இரண்டாம் டோஸ் போடாத கிணறு ஒன்றும் இருக்கட்டும். மிச்சம் எவ்வளவு என்று அது சொல்லும். எல்பிஎஸ் குழாய்ச் சுவரில் ஒட்டும் பொருள். உறைபெட்டியிலிருந்து எடுத்ததும் வோர்டெக்ஸில் நன்றாகக் கலக்காமல் போட்டால் ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒவ்வொரு அளவு போகும். ஊடகத்தில் சீரமே இல்லாவிட்டாலும் பதில் மங்கும், எல்பிஎஸ்ஸை ஏற்பியிடம் கொண்டுசேர்க்கும் புரதம் சீரத்தில்தான் இருக்கிறது. எம்ஆர்என்ஏ பார்ப்பதானால் டிஎன்எஃப்புக்கு 1–2 மணி, ஐஎல்-6-க்கு 4 மணி. டிஎன்எஃப் எம்ஆர்என்ஏவை 24 மணியில் தேடினால் வண்டி போனபின் பிளாட்பாரத்தில் நிற்பது போலத்தான்.

மூன்றாவதில் பலரும் விழுகிறார்கள். தூண்டப்பட்ட மோனோசைட் குளுக்கோஸை வேகமாக எரிக்கிறது. ஜிஏபிடிஎச் அந்தப் பாதையின் நொதி, ஆகவே அதுவும் ஏறும். கணக்கைப் பாருங்கள். சிடி என்பது கருவி மரபணுவைக் கண்டுகொண்ட சுற்றின் எண், ஒரு சுற்று குறைந்தால் எம்ஆர்என்ஏ இரு மடங்கு. தூண்டாதபோது டிஎன்எஃப் சிடி 27, ஜிஏபிடிஎச் 18, வித்தியாசம் 9. தூண்டியபின் டிஎன்எஃப் 22, ஜிஏபிடிஎச் 16.5, வித்தியாசம் 5.5. இரண்டையும் கழித்தால் 3.5 சுற்று, அதாவது ஏறக்குறைய 11 மடங்கு. ஜிஏபிடிஎச் ஆடாமல் 18-லேயே இருந்திருந்தால் 5 சுற்று, 32 மடங்கு. உங்கள் விளைவில் மூன்றில் இரண்டு பங்கை ஒப்பீட்டு மரபணு விழுங்கிவிட்டது. பி2எம்-க்கும் மாறாதீர்கள், இன்டர்ஃபெரானில் அதுவும் ஏறும். ஆர்பிஎல்பி0, டிபிபி, எச்பிஆர்டி1 போன்ற நான்கைந்தை உங்கள் செல்லிலேயே சோதித்து, ஆடாத இரண்டின் சராசரியை எடுங்கள்.

“ஒரே வீட்டில் ஒரே காய்ச்சல். ஒருவர் மட்டும் செப்சிஸுக்குப் போகிறார். பரம்பரையா?” (வாசகர், ஜாலஹள்ளி)

ஓரளவு. டென்மார்க்கில் தத்துப் பிள்ளைகளை வைத்து 1988-இல் வந்த ஆய்வில், பெற்ற தாய் தந்தையரில் ஒருவர் 50 வயதுக்குள் தொற்றால் இறந்திருந்தால், வேறு வீட்டில் வளர்ந்த பிள்ளை தொற்றால் இறக்கும் வாய்ப்பு 5.8 மடங்கு. வளர்த்தவர்களின் இறப்புக்கு அப்படிப்பட்ட தொடர்பு தெரியவில்லை. அரிதாக ஒரே மரபணுப் பழுதும் போதும்: டிஎல்ஆர்4-க்கும் என்எஃப்-கப்பா பிக்கும் நடுவில் நிற்கும் மைடி88 அல்லது ஐராக்4 இல்லாத குழந்தைகளுக்கு நியுமோகாக்கஸ் தொற்று கடுமையாகும், சிஆர்பியும் காய்ச்சலும் மட்டும் தாமதமாக வரும். ஆனால் நம் வீடுகளில் வயது, சர்க்கரை, சிறுநீரகம், தாமதமாக ஆஸ்பத்திரி போவது, இவைதான் பெரும்பாலும் முந்திக்கொள்ளும்.

“ஆய்வுக்காக ஐசியூ நோயாளிகளின் ரத்தம் சேகரிக்கிறோம். ஆர்என்ஏ முடிவுகள் ஒரே ஆளுக்கே நாளுக்கு நாள் பொருந்தவில்லை.” (லேப் டெக்னீஷியன், பிரேசர் டவுன்)

மாதிரி எடுத்ததிலிருந்து லேபுக்கு வரும்வரை எங்கே இருந்தது என்று முதலில் பாருங்கள். சாதாரண ஈடிடிஏ (ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) குழாயில் செல்கள் உயிரோடு இருக்கின்றன. சில்க் போர்டு சிக்னலில் பைக் பெட்டிக்குள் ஒன்றரை மணி நேரம் நின்றால் அந்த வெயிலுக்கும் குலுக்கலுக்கும் மரபணுக்கள் திறந்து மூடும். நீங்கள் செப்சிஸை அல்ல, டிராஃபிக்கை அளக்கிறீர்கள். பாக்ஸ்ஜீன் குழாய் செல்லை உடைத்து ஆர்என்ஏவை அந்த நொடியிலேயே நிறுத்திவிடும். அதில் 6.9 மில்லி திரவம் உண்டு, ரத்தம் 2.5 மில்லி. மற்றக் குழாய்களெல்லாம் எடுத்தபின் கடைசியாக எடுங்கள். நிமிர்த்திப் பிடித்து, ரத்தம் வருவது நிற்கும்வரை 10 நொடி காத்திருங்கள். 8–10 முறை மெதுவாகத் தலைகீழாகப் புரட்டுங்கள். குறைவாக நிரம்பியதும் புரட்ட மறந்ததுமே பெரும்பாலான தகராறு. அறை வெப்பத்தில் குறைந்தது 2 மணி, அதிகபட்சம் 3 நாள். உறையவைப்பதானால் கம்பி ரேக்கில் நிமிர்த்தி மைனஸ் 20-இல் ஒரு நாள் வைத்துவிட்டு மைனஸ் 80-க்கு மாற்றுங்கள். தெர்மோகோல் தட்டில் வைத்து நேராக உறையவைத்தால் குழாய் விரிசல் விடும்.

எச்எல்ஏ-டிஆர் பார்ப்பதானால் வேறு விதி. ஈடிடிஏதான், ஆனால் ஐஸ் பெட்டியில் வைத்து சில மணி நேரத்துக்குள் சாயமேற்ற வேண்டும். அறை வெப்பத்தில் கிடந்தால் குழாய்க்குள்ளேயே அது ஏறும். எதிர்ப்பு தணிந்த நோயாளி நன்றாக இருப்பதுபோல் காட்டும்.

இன்னொன்று: செப்சிஸில் வெள்ளையணுக்களில் நியூட்ரோஃபில் வகை 85–90 சதவீதத்துக்குப் போய், லிம்போசைட் சரியும். மொத்த ரத்தத்தின் ஆர்என்ஏவில் டி செல் மரபணு பாதியானால், அந்த மரபணு மூடியதா, டி செல்களே பாதியாகிவிட்டனவா என்று அந்த எண் சொல்லாது. எனவே ஒவ்வொரு மாதிரியோடும் அதே நேரத்து வெள்ளையணு வகைக் கணக்கையும் ஷீட்டில் எழுதிவையுங்கள். எடுத்த நேரம், முதல் ஆன்டிபயாட்டிக் போட்ட நேரம், முதல் ஹைட்ரோகார்டிசோன் போட்ட நேரம், மூன்றும் மணியோடு வேண்டும். ‘இரண்டாம் நாள்’ என்று மட்டும் எழுதிய குழாய்களில் 26 மணியும் இருக்கும், 47 மணியும் இருக்கும்.